தண்ணீரில் இறங்கியவர்

கேள்வி:

அம்மா, வணக்கம். எனக்கு 61 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பணி ஓய்வு பெற்றுவிட்டேன். என் சிறு வயதில் கார்த்திகை தீபம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் தாரா வேட்டைக்கு, அதாவது காட்டு வாத்து சுட, போவார்கள். அப்பா, பெரியப்பா, இரண்டு சித்தப்பாக்கள், அப்பாவின் சிநேகிதர்கள் மூன்று நான்கு பேர். பனமரத்துப்பட்டி ஏரிதான் எங்கள் இடம். விடிகாலை நாலு மணிக்கு ஜீப் கிளம்பும். அப்பாவிடம் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, லைசென்ஸோடு இருந்தது. ஜிம்மி என்று ஒரு நாய். நான் ஏழாவது படிக்கும்போது முதன்முதலாகக் கூட்டிப்போனார்கள். தோட்டாப் பை சுமந்ததை என் தோள் இன்னும் மறக்கவில்லை. விழுந்த தாராவை ஏரியில் இறங்கி எடுத்துவர அந்த ஊர்க்காரர் ஒருவர் வருவார், பெயர் நினைவில்லை. போகும்போது அவருக்கு ஒரு நாமக்கோழி, அந்தக் கறுப்பு நீர்ப்பறவை, கொடுத்து அனுப்புவார்கள். மதியம் பின்கட்டில் அம்மாவும் பெரியம்மாவும் இறகு பிடுங்க உட்காருவார்கள். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்ட குழம்பு வாசனை தெருமுனை வரை வரும். எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்த காலம்.

அப்பா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். அம்மாவுக்கு 84 வயது, ஆத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். இந்தக் கார்த்திகை முடிந்ததும் ஒரே ஒரு தடவை போய்வரலாம் என்று பேச்சு. மேட்டூர் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தை ஒட்டித் தண்ணீர் நிற்கிறது. ஏர்கன் ஒருவர், வண்டி ஒருவர், சமையல் ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். எடுத்துவர அங்கேயே ஆள் கிடைக்கும் என்கிறான் சித்தப்பா பையன். பத்து வயதுப் பேரனையும் கூட்டிப்போக ஆசை. மனைவி திட்டுகிறாள். மகன், "ஜெயிலுக்குப் போகணுமாப்பா?" என்கிறான். இரண்டு மூன்று தாராவுக்கு இவ்வளவு பயமா? குடும்பத்து வழக்கத்தைப் பேரனுக்குக் கொடுக்காமல் போனால் அது அப்பாவுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? மனசு கிடந்து தவிக்கிறது. வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்:

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். நீங்கள் தோட்டாப் பை தூக்கிய காலத்திலேயே அது இருந்தது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தால் பறவையைச் சுடவும் லைசென்ஸ் இருப்பதாக அன்றைக்குப் பல வீடுகளில் நினைத்துக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு. அனுமதி வாங்கிக்கொண்டு சில பறவைகளைச் சுடலாம் என்று சட்டத்தில் விட்டிருந்த வழியையும் 1991 திருத்தம் அடைத்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் நினைக்கிற காரியத்துக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏர்கன் என்றால் குற்றம் குறைந்துவிடாது. அதில் அடிபடும் பறவை பல சமயம் உடனே சாவதும் இல்லை. கோரைக்குள் போய்ப் பதுங்கிக் கிடந்து நாள்கணக்கில் சாகும். உங்கள் மகன் சொன்னது சரி. உங்கள் மனைவி திட்டியதும் சரி.

இனி உங்கள் ஏக்கத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவருக்குக் கூட்டுக் குடும்பம், ஒருவருக்குத் தோட்டத்துக் கிணறு, ஒருவருக்கு ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் கழித்த மே மாதம். எல்லாரும் ஆறுதல் கேட்கிறார்கள். ஆறுதல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இப்படிப்பட்ட கடிதம் வந்தால் அதில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்றுதான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் கடிதத்தில் நாய்க்குப் பெயர் இருக்கிறது. துப்பாக்கி எத்தனை போர், எத்தனை குழல் என்பது இருக்கிறது. குழம்பில் என்ன அரைத்துவிட்டார்கள் என்பதுகூட இருக்கிறது. ஏரியில் இறங்கிய மனிதருக்குப் பெயர் இல்லை. "பெயர் நினைவில்லை" என்று இரண்டே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள். கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இரண்டு வார்த்தைதான்.

அவர் என்ன வேலை செய்தார் என்று தெரியுமா உங்களுக்கு? கரையில் கம்பளி போர்த்திக்கொண்டு நின்ற பையனுக்குத் தெரிந்திருக்காது, நான் சொல்கிறேன். கார்த்திகை முடிந்த விடிகாலையில் ஏரித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கால் நனைத்துப் பாருங்கள். அதில் இடுப்பளவு, மார்பளவு இறங்கி நிற்க வேண்டும். அடியில் சேறு, நடுவில் வேலம்பாசி. பாசி காலில் சுற்றினால் உதறக் கூடாது, உதறினால் இன்னும் சுற்றும். நின்று, கையால் விலக்கித்தான் வர வேண்டும். செத்து மிதக்கும் தாராவை எடுப்பது சுலபம். இறக்கையில் மட்டும் ரவை பட்ட சிறகி, அந்தச் சின்ன வாத்து, இருக்கிறதே, அது முங்கிப் போய் அடியில் பாசியைக் கவ்விக்கொண்டு கிடக்கும், இல்லையென்றால் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, கையை விட்டுத் துழாவிப் பிடித்து, அங்கேயே கழுத்தைத் திருகிக் கொண்டுவர வேண்டும். அவர் தண்ணீரில் இருக்கும்போதே அடுத்த கூட்டம் பறந்து வந்தால் கரையில் இருப்பவர்கள் அவர் தலைக்கு மேல் சுடுவார்கள். சுட்டவர்களுக்குக் குறி பார்த்த பெருமை. கொலையின் கடைசிப் பங்கு அவர் கையில்.

அதற்குக் கூலி ஒரு நாமக்கோழி. அது உங்கள் வீட்டுக் குழம்புக்கு எடுபடாததால்தானே அவர் கைக்குப் போனது? சேற்று வாடை அடிக்கும், தோலோடு உரித்தால்தான் தின்ன முடியும் என்று வேட்டைக்காரர்கள் ஒதுக்குகிற பறவை அது. ஜீப்பில் சிறகியும் ஊசிவால் வாத்தும் ஏறும்போது நாமக்கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர வேட்டியோடு நடந்து போன ஒரு மனிதரைச் சொல்லிவிட்டு, அடுத்த வரிகளிலேயே "எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி" என்கிறீர்கள். எந்தக் குடும்பத்தில் ஐயா இது நடக்கும்?

அந்தக் காலம் அப்படி, எங்கள் வீடு மட்டுமா அப்படி இருந்தது என்று கேட்பீர்கள். சரி, கேளுங்கள். ஆனால் அந்தக் காலத்தைத்தானே பேரன் கையில் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்? கொடுப்பதென்றால் முழுவதையும் கொடுக்க வேண்டும். துப்பாக்கியையும் குழம்பு வாசனையையும் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு இந்த மனிதரை மறைத்தால், பேரனுக்குக் கிடைப்பது பாதிப் பொய்.

இன்னொன்று. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்றுகூட உங்களால் சொல்ல முடியாது. ஏர்கன் ஒருவர், வண்டி ஒருவர், சமையல் ஒருவர் என்று உங்களுக்குள் பிரித்துக்கொண்டீர்கள். தண்ணீரில் இறங்குவது யார்? "அங்கேயே ஆள் கிடைக்கும்." ஐம்பது வருடம் கழித்தும், பேத்தி பேரன் எடுத்த மனிதர்கள் ஒரு குழுவில் உட்கார்ந்து திட்டம் போடும்போதும், அந்த ஒரு வேலை மட்டும் உங்கள் யார் பெயரிலும் எழுதப்படவில்லை. வனத்துறைக்காரர்கள் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? நீங்கள் எல்லாரும் வரப்பில், வண்டிப் பக்கத்தில் இருப்பீர்கள். செத்த பறவையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறுகிறவர் அந்தக் கூலி ஆளாக இருப்பார். உங்களுக்கு வக்கீல் வைக்கப் பணம் இருக்கிறது, மகன் இருக்கிறான். அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை, ஏனென்றால் அவர் பெயரையும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். அப்பா விட்டுப்போன வீட்டையும் நிலத்தையும் பங்கு பிரித்து எடுத்துக்கொள்கிற பிள்ளைகள், அவர் விட்டுப்போன கடனை மட்டும் அவரோடு எரித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அது பத்திரத்தில் எழுதாத கடனாக இருந்தாலும் கடன்தான். துரோகம் என்ற பெரிய சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். வேட்டையை நிறுத்துவதில் உங்கள் அப்பாவுக்கு எந்தத் துரோகமும் இல்லை. அவர் தீர்க்காமல் விட்ட கணக்கு ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மகன் என்ற முறையில் உங்கள் கடமை அங்கே கிடக்கிறது.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இரண்டு மூன்று தாரா" என்று அலட்சியமாக எழுதியிருக்கிறீர்கள். நீலச்சிறகி என்கிற அந்தச் சின்னப் பறவை நானூறு கிராம் இருந்தாலே பெரிசு. உரித்தால் கால் கிலோ கறி தேறாது. சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து இமயமலைகளைத் தாண்டி நம் ஏரிக்கு வருகிறது. இங்கேயே இருக்கிற புள்ளிமூக்கு வாத்தோ, நம் பக்கத்தில் மழைக்குப் பிறகு ஏரி நிரம்பியிருக்கும்போதுதான் முட்டை வைக்கிறது. நீங்கள் குறித்து வைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை அதன் அடைகாக்கும் பருவம். அப்பா காலத்தில் இது தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. அந்தப் பனமரத்துப்பட்டி ஏரி, சேலத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி, வருடக்கணக்கில் வறண்டு சீமைக்கருவேலங்காடாகக் கிடந்ததை நீங்களும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஏரியே இல்லாமல் போகிற இடத்தில் வழக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று துப்பாக்கி தூக்குவதில் என்ன அர்த்தம்?

சரி, என்ன செய்வது என்று கேட்டீர்கள்.

அண்ணன் தம்பிகள் ஒன்று சேர வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை, சேருங்கள். தாராக் குழம்பு வேண்டுமென்றால், அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்களிடம் நாலு வாத்து வாங்கி, இறகு பிடுங்குவதிலிருந்து அரைப்பது வரை இந்தத் தடவை ஆண்களே செய்யுங்கள். பேரனுக்குப் பறவை காட்ட வேண்டுமென்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போங்கள். ஏற்காட்டு மலையிலிருந்து ஓடி வருகிற தண்ணீர் சேரும் ஏரி, ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண்திட்டு போட்டு மரம் வைத்திருக்கிறார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து எட்டிப்போகிற தூரம். 2015 முதல் பொங்கல் விடுமுறை நாலு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். பத்து வயதுப் பையன் உங்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வான்.

இதெல்லாம் இரண்டாவது. முதல் வேலை, அந்த மனிதரைக் கண்டுபிடிப்பது.

உங்கள் அம்மாவுக்கு அவர் பெயர் தெரியும், நிச்சயமாகத் தெரியும். வேட்டைக்குப் போகாத பெண்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்கும். தப்பித்தவறி எப்போதாவது கூலி கேட்டு அவர் உங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றிருந்தால் சோறு போட்டது அம்மாவாகத்தான் இருக்கும். எந்தத் தெரு, பெண்டாட்டி பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். அப்படியே, இறகு பிடுங்கின கை என்ன ஆனது, அந்தக் குழம்பைத் தானும் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அம்மாவும் உட்காருவதோடு சரி, அவர் எழுந்து வருவதை நான் எங்கும் பார்க்கவில்லை.

பெயர் கிடைத்ததும் பனமரத்துப்பட்டிக்குப் போய் விசாரியுங்கள். அவர் உயிரோடிருந்தால் எண்பது தாண்டியிருக்கும். அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள், அவர் பேசும்போது குறுக்கே உங்கள் அப்பா பெருமையைச் சொல்லாதீர்கள். சால்வை போர்த்திப் போட்டோ எடுத்து அந்த வாட்ஸ்அப் குழுவில் போடுகிற எண்ணம் இருந்தால் போகவே வேண்டாம். அவர் போய்விட்டிருந்தால் பிள்ளைகள் இருப்பார்கள். மருந்துச் செலவோ, படிப்புச் செலவோ, அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வேட்டைக்கு ஒதுக்கிய பணத்தோடு உங்கள் அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவரும் பங்கு போட்டுச் செய்யுங்கள். தானம் செய்கிற முகத்தோடு போகாதீர்கள். வருடம் தவறாமல் போங்கள். குடும்பத்து வழக்கம் என்று பேரனுக்கு ஒன்று வேண்டுமென்றால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இதற்குப் போங்கள். "இவர் யார் தாத்தா?" என்று அவன் அங்கே கேட்பான். பதிலை நீங்களே, அவர் முன்னால், உள்ளபடி சொல்லுங்கள்.

அம்மாவிடம் போனில் கேட்க வேண்டாம், 84 வயதில் போனில் சரியாகக் காது கேட்காது. சேலத்திலிருந்து ஆத்தூருக்கு ஒன்றரை மணி நேரப் பஸ். இந்த வாரமே போய்வாருங்கள். பெயர் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை தாராவைப் பற்றி உங்களோடு பேச எனக்கு வேறொன்றும் இல்லை.