1938-ல் வைத்த ஒரு ரூபாய் மொய்க்கு இன்று எவ்வளவு திருப்பி வைப்பது?

தாத்தா காலத்து மொய் நோட்டில் 1 ரூபாய் என்று இருக்கும் குடும்பத்துக்கு இன்று எவ்வளவு செய்வது முறை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான். தங்கை மகளுக்கு வருகிற தை மாதம் காங்கயத்தில் கல்யாணம், நான் தாய்மாமன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து பார்வை தெளிந்துவிட்டது. யாரையும் விட்டுவிடாமல் ஒரம்பரைக்கெல்லாம் (உறவினர்களுக்கெல்லாம்) பத்திரிகை வைக்க வேண்டும் என்று, பெட்டியில் கிடந்த அப்பாரின் (அப்பாவின் அப்பா) மொய் நோட்டை எடுத்து அவரே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பாருக்கு 1938-ல் கல்யாணம். அதே நோட்டில் 1948-ல் சின்ன அப்பாரின் கல்யாணமும் 1959-ல் பெரிய அத்தையின் கல்யாணமும் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி. 1-0-0, 0-8-0, 0-4-0 என்று வரிசையாக இறங்குகிறது. 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனதால், அத்தை கல்யாணத்தில் மூன்றாவது பத்தி காணாமல் போகிறது. ஆனாலும் ஜனங்கள் கையில் இன்னும் அணாக் காசு இருந்திருக்கிறது. எழுதியவர் ஓரத்தில் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, நாலணாவுக்கு 25 என்று குறித்து வைத்துக்கொண்டு கூட்டியிருக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1938-லும் 1948-லும் நோட்டில் இருப்பது அதே ‘ரூ. 1’தான். ஆனால் தட்டில் விழுந்த காசு வேறு. 1835-ல் இருந்து வந்த ரூபாய் 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. போர் நெருக்கடியில் 1940-ல் வெள்ளியைப் பாதியாக்கினார்கள். ஒரு ரூபாய் நோட்டும் அந்த வருஷம் மறுபடி வந்தது. பழைய வெள்ளி ரூபாய்களை அரசு படிப்படியாகச் செல்லாததாக்கித் திரும்ப எடுத்துக்கொண்டது. 1947-ல் வந்த ரூபாய் வெறும் நிக்கல். ஆக, 1938-ல் வைத்தவர் முழு வெள்ளியை வைத்தார். 1948-ல் வைத்தவர் பெரும்பாலும் காகிதத்தையோ நிக்கலையோ வைத்தார்.

காசில் கை வைப்பது அரசுகளின் பழைய பழக்கம். அதை நம் மண்ணிலேயே பார்க்கலாம். உடுமலை பக்கம் பூதிநத்தத்தில் ஒரே புதையலாக ஆயிரத்துக்கும் மேல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்றிலும் இன்றுவரை பழங்காசு பொறுக்குகிறார்கள். கொடுமணலில் மணிக்கல் அறுத்தார்கள், படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள்; இப்படிப்பட்ட சரக்குக்கு விலையாக வந்த காசு அது. ரோமப் பேரரசின் பணம் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போகிறது என்று அங்கே பிளினி என்ற எழுத்தாளர் புலம்பினார். இங்கே கிடைக்கும் வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் அடித்தவை. பின்னால் வந்த பேரரசர் நீரோ கி.பி. 64-ல் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு வந்தவை அரிது. வாங்கியவர்கள் ராஜா முகத்தைப் பார்த்து ஏமாறவில்லை, உலோகத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியானால் மொய்யையும் வெள்ளி எடையில் திருப்பிவிடலாமா? நாட்டுக்கு நாடு அப்படிச் செய்ததுண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இங்கே 22 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளியைக் கடனாகத் தந்தது. வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டும் என்பது பேச்சு. கல்கத்தா அலிப்பூரில் அதற்கென்றே சுத்திகரிப்பு ஆலை வைத்து, பாதி வெள்ளி ரூபாய்களை உருக்கி, இந்தியா தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தது. மனதுக்கு நிறைவான கணக்கு அது. அதே வழியில் போனால், வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்தாலும் அப்பாருக்கு வந்த ஒரு ரூபாய் 1,070 ஆகிறது. இன்றைய விலையை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “காசோட எடையைப் பார்த்து என்ன பண்ணப் போற கண்ணு? வெச்சவன் எத்தனை நாள் கூலியை வெச்சான்னு பாரு” என்றார். காட்டியது 1938 பக்கத்தில் ஒரு வரி. எங்கள் தோட்டத்தில் வேலைக்கு இருந்தவர் வைத்த 0-4-0. திருப்பிச் செய்த பெயர்களில் எல்லாம் அப்பாரு குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கிறார், அந்த வரியில் கோடு இல்லை. பண்ணயக்காரர்கள் (நிலம் வைத்திருந்தவர்கள்) வைத்த பத்து ரூபாயும் ஐந்து ரூபாயும் மூன்று தலைமுறையாகப் போய் வந்துகொண்டிருக்கின்றன. கூலிக்காரர் வைத்த நாலணாதான் நின்றுபோயிருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது, அம்மாவுக்கு இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

அந்த நாலணா வைத்தவருடைய பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது, அவர் மகளுக்குத் தெரட்டி சீர் (பூப்புனித நீராட்டு) வருகிறது என்று தெரிந்தது. இன்று ஒரு ஆளுக்குத் தோட்டத்தில் என்ன கூலியோ அதில் ஒரு வாரத்துக்கு உண்டானதும், ஒரு பட்டுப் பாவாடையும் என்று அம்மா முடிவு செய்திருக்கிறார். நாலணாவை அதே கிராம் 100 ரூபாய் வெள்ளிக் கணக்கில் பார்த்தால் 270 ரூபாய்கூடத் தேறாது.

ஆகவே என் பதில் இது. 1940-க்கு முந்தைய வரி என்றால் வெள்ளி விலையை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். அதன் பிறகு எழுதிய வரிகளுக்கு உலோகக் கணக்கு உதவாது. அந்த உறவுக்கு இன்று உங்கள் ஊரில் எவ்வளவு செய்கிறார்களோ அதைச் செய்யுங்கள். வைத்தவர் இல்லாதப்பட்டவர் என்றால் கூலி நாளைக் கணக்கிட்டு, மேலே சேர்த்துச் செய்யுங்கள். அவர்கள் வீட்டில் விசேஷம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு, படிப்புச் செலவு வரும்போதே கொடுத்துவிடலாம். அப்புறம், 1957-க்கு முந்தைய பக்கங்களில் மூன்றாவது பத்தியில் இருப்பதைப் பைசா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பை. 12 பை ஓர் அணா, 192 பை ஒரு ரூபாய்.