எட்டு மணி வகுப்பும் ஏசி அறையும்

கேள்வி: பள்ளியில் நன்றாகப் படித்தவன் நான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு வந்ததிலிருந்து எந்நேரமும் அசதி, தலைவலி, தேர்வு நெருங்கினால் வயிற்றைக் கலக்குகிறது. காலை எட்டு மணி வகுப்பில் கண் சொக்குகிறது. அப்பாவிடம் சொன்னால், "போனைத் தூக்கிப் போடு, எல்லாம் சரியாகும்" என்கிறார். தப்பு என்மேல்தானா?

பதில்: அப்பா சொல்வதில் கால்வாசி உண்மை, அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த எட்டு மணி வகுப்பு. பதின்பருவம் தொடங்கியதும் உடம்பின் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிப்போகும், இருபது வயதை ஒட்டித்தான் அது மெல்லத் திரும்பும். அதனால் பத்து மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தாலும் உங்கள் வயதில் பலருக்குத் தூக்கம் வராது, ஆனால் 7 முதல் 9 மணி நேரம் தூங்க வேண்டிய வயதும் அதுவேதான். கால அட்டவணை போடுகிறவர்களோ பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், விடியும் முன்னே தானாக முழிப்பு வந்துவிடும், அவர்கள் கண்ணுக்கு நீங்கள் சோம்பேறிதான்.

அடுத்தது அறை. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவுக்கு இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு நூறு பேர் மூச்சு விடும் அறையில் அது சீக்கிரமே 1,000ஐத் தாண்டிவிடும், ஸ்பிளிட் ஏசி இருக்கிறதே என்றால் அது உள்ளே இருக்கிற காற்றையேதான் குளிரவைத்துத் திருப்பி அனுப்புகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் தலை கனப்பதும் கொட்டாவி வருவதும் இயல்பு. இடைவேளையில் ஜன்னலைத் திறங்கள், யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

சரி, அந்தக் கால்வாசி. நள்ளிரவு வரை போன் பார்ப்பது உங்கள் தப்புதான். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும், அதையும் குறையுங்கள். கண் பவர், ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்தே கிடந்தால் தள்ளிப்போடாமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: தேர்வுக்கு முந்தைய இரவு விடிய விடியப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். படித்தது மனதில் பதிவதற்கே தூக்கம் வேண்டும்.

கேள்வி: நான் பேராசிரியர். மதிப்பெண் நெருக்கடி இல்லாவிட்டால் மாணவர்கள் புத்தகத்தையே தொட மாட்டார்கள். நீங்கள் ரொம்பச் செல்லம் கொடுக்கிறீர்களே?

பதில்: ஐயா, அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஏ, பி, சி தரவரிசையை எடுத்துவிட்டு வெறும் பாஸ், பெயில் என்று மாற்றியது. 2009ல் வெளியான ஆய்வின்படி மாணவர்களின் மனநலம் மேம்பட்டது, தேர்வுத் திறன் குறையவில்லை. மருத்துவம் படிக்க வருகிறவர்கள் தாமாகவே முட்டி மோதிப் படிக்கிற ரகம், எல்லாத் துறைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தரவரிசையை விடுங்கள், ஒரே வாரத்தில் நான்கு பாடத்துக்கும் அசைன்மென்ட் கெடு வைக்கிறீர்களே, பருவத் தொடக்கத்தில் துறை ஆசிரியர்கள் நால்வரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேதிகளைப் பிரித்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?