மொய் விருந்து வைத்துத் தேர்தல் நிதி திரட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு எங்கள் ஊர் இளைஞர் ஒருவரை நிறுத்த நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நல்லவர், உழைப்பவர், கையில் பணம் மட்டும் இல்லை. ஆடி, ஆவணி மாதங்களில் இங்கே நடக்கும் மொய் விருந்தைப் போல அவர் பெயரில் ஒரு விருந்து வைத்து, வருகிற மொய்யைத் தேர்தல் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? கூடாதென்றால் வேறு எப்படி நிதி திரட்டுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பணமில்லாத ஒருவரை ஊர் கூடி நிறுத்துவதும், அவருடைய செலவை ஊரே பகிர்ந்துகொள்வதும் மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் விருந்தும் வேண்டாம், மொய்யும் வேண்டாம். விருந்து கூடாது என்பதற்குச் சட்டம் காரணம். மொய் கூடாது என்பதற்கு உள்ள காரணம் சட்டத்தைவிடப் பெரியது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டார மொய் விருந்து எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்; மற்ற வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். பந்தலில் ஒரு பக்கம் ஆட்டுக்கறி விருந்து நடந்துகொண்டிருக்க, மறுபக்கம் மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் பணத்தை எண்ணி எவர்சில்வர் பாத்திரத்தில் போட, பக்கத்தில் இருப்பவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதிக்கொள்வார். இப்போது பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும்கூட வந்துவிட்டன. அந்த நோட்டுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். இன்று நமக்கு ஆயிரம் ரூபாய் செய்தவர் நாளை விருந்து வைக்கும்போது, அந்த ஆயிரத்தோடு மேலே ஒரு தொகையும் சேர்த்து நாம் அவருக்குச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் உறவு முறியும். வங்கி வாசலை மிதிக்காமல் ஒரு குடும்பம் கிணறு வெட்டவும், கடை வைக்கவும், மகளைக் கட்டிக்கொடுக்கவும் கைகொடுக்கும் ஏற்பாடு அது. அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எனினும் மொய் என்பது நன்கொடை அன்று. திருப்பிச் செய்ய வேண்டிய கடன்.

தேர்தலுக்காக வாங்கிய மொய்யை உங்கள் வேட்பாளர் எதைக் கொண்டு திருப்பிச் செய்வார்? கையில் பணமில்லாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் தலைவரான பிறகு, மொய் நோட்டில் பெயர் உள்ள ஒருவர் சிமெண்ட் சாலை வேலையைத் தனக்குத் தரும்படி கேட்பார். இன்னொருவர் தன் வீட்டு வாசலுக்குத் தெருவிளக்கு கேட்பார். வேறொருவர் வீட்டுவசதித் திட்டப் பயனாளிகள் பட்டியலில் தன் மைத்துனர் பெயரைச் சேர்க்கச் சொல்வார். கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. செய்த மொய் திரும்பி வர வேண்டும் என்பது அவர்கள் பழகிய நியாயம். ஊராட்சியின் பணத்துக்குக் காசோலையில் கையெழுத்திடும் பொறுப்பில் இருப்பவர், அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டவராக நாற்காலியில் உட்காரக் கூடாது. பணமில்லாதவரை நீங்கள் நிறுத்துவதன் பயனே அவர் யாருக்கும் கடன்படாதவராக இருப்பார் என்பதுதானே!

இனி விருந்து. வாக்காளருக்கு வாக்கின் பொருட்டு உணவோ, பானமோ, கேளிக்கையோ அளிப்பதும் லஞ்சத்தின் ஒரு வகை என்றே, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா கூறுகிறது. அதன் 173ஆம் பிரிவில் இதற்கு அபராதம் உண்டு. நன்கொடை தருபவர்களுக்குத்தான் சாப்பாடு போட்டோம் என்று நீங்கள் விளக்கம் சொல்லலாம். ஆனால் ஓர் ஊராட்சிக்குள் நன்கொடையாளரும் வாக்காளரும் ஒரே ஆட்கள்தான் என்பதால், அந்த விளக்கம் எதிர்த்தரப்பின் புகாருக்கு முன்னால் நிற்பது கடினம். அத்துடன், அந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவின்படி, வேட்பாளரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் அவருக்காகப் பொதுக்கூட்டம் நடத்தியோ விளம்பரம் செய்தோ செலவழிப்பவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 500 ரூபாயாக இருந்தது. ஆகவே நண்பர்கள் ஆர்வத்தில் தாமாகப் பந்தல் போட்டு, தாமாக ஒலிபெருக்கி கட்டி, பிறகு வேட்பாளரிடம் தெரிவிக்கும் வழக்கம் இங்கே உதவாது. எந்த ஏற்பாட்டுக்கும் முன்னதாக அவரிடமிருந்து கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு வரம்பையும் பார்க்க வேண்டும். 2019, 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் மாநிலத் தேர்தல் ஆணையம் விதித்திருந்த உச்ச வரம்பு, கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய். ஊராட்சித் தலைவருக்கு 34,000 ரூபாய். ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினருக்கு 85,000 ரூபாய். மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 1,70,000 ரூபாய். அடுத்த தேர்தல் அறிவிப்பில் இது மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். 34,000 ரூபாய் வரம்புக்குள், நூறு பேருக்கு ஆட்டுக்கறி விருந்து போட்டாலே பெரும்பகுதி கரைந்துபோகும். துண்டறிக்கை அச்சிடவும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டவும் எதுவும் மிஞ்சாது. அதே தொகையை வேறு விதமாகப் பாருங்கள்: 170 வீடுகள் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் முழு வரம்பும் நிறைந்துவிடுகிறது. ஓர் ஊராட்சிக்குள் 170 வீடுகளை நேரில் போய்ப் பார்ப்பது நண்பர்கள் நான்கைந்து பேருக்குச் சில மாலைகளில் முடிகிற வேலை. அப்படிப் போகும்போது, பணத்தோடு அந்த வீட்டின் குறையும் காதில் விழும். கோடிக்கணக்கில் செலவாகும் சட்டமன்றத் தேர்தல்களைப் பார்த்துப் பார்த்து, ஊராட்சித் தேர்தலுக்கும் அப்படியே வேண்டும் என்று நாம் நம்பப் பழகிவிட்டோம். சட்டம் அனுமதிக்கும் தொகையோ ஒரு தெரு சேர்ந்தால் திரட்டக்கூடியது.

ஆகவே ஒரு நிதியளிப்புக் கூட்டம் நடத்துங்கள். யாராவது ஒருவர் வீட்டு முற்றமோ, களமோ போதும்; கோயில் வளாகத்தைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. தேநீர் கொடுத்தால் அதன் விலையையும், நாற்காலி வாடகையையும் வேட்பாளரின் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். கூட்டத்துக்கு முன்பே அவர் பெயரில் தேர்தலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கப்பட வேண்டும். சட்டமன்றத் தேர்தல் வேட்பாளர்களுக்கு இது கட்டாயம். ஊராட்சியிலும் இதைக் கைக்கொள்வது உங்களைப் பல வம்புகளிலிருந்து காப்பாற்றும். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவோருக்கு அந்தக் கணக்கின் க்யூஆர் அட்டையை மட்டுமே காட்டுங்கள். நண்பர் ஒருவரின் ஜிபே எண்ணில் வாங்கி அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தொடங்குகிற இடத்தில்தான் கணக்கு குழம்புகிறது. ரொக்கமாகத் தருவோருக்கு வரிசை எண்ணும் அடிக்கட்டையும் உள்ள ரசீதுப் புத்தகம் வேண்டும். அடிக்கட்டையில் பெயர், தெரு, தொகை, தேதி ஆகியவற்றை எழுதி, வாங்கியவரும் கொடுத்தவரும் கையெழுத்திடட்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் பல ஆண்டுகள் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் நோட்டை ஒப்படையுங்கள். அந்தக் குழுக்களின் சேமிப்பிலிருந்து மட்டும் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

ஒருவரிடம் வாங்கும் தொகைக்கு நீங்களாகவே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்குவதில்லை என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், 20,000 ரூபாயை ஒரே கட்டாக நீட்டுகிறவரைத் தனியாக மறுக்க வேண்டிய சங்கடம் உங்களுக்கு வராது. ஊராட்சி வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களிடம் வாங்கவே வேண்டாம். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அன்பினால் கொடுக்க முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். அவர்களுடைய நடத்தை விதிகள் தேர்தல் வேலைகளில் பங்கெடுப்பதைத் தடுக்கின்றன, தொல்லை அவர்களுக்குத்தான். கூட்டம் முடியுமுன் வந்த மொத்தத் தொகையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.

நம் நாட்டில் இது புதிய வழக்கமும் அன்று. துண்டேந்தியும் உண்டியல் குலுக்கியும் தெருத்தெருவாக நிதி திரட்டித் தேர்தலைச் சந்தித்த இயக்கங்கள் இங்கே உண்டு. 1967 பொதுத்தேர்தலுக்கு முன்பு திராவிட முன்னேற்றக் கழகம் பத்து லட்சம் ரூபாய் தேர்தல் நிதி என்று இலக்கு வைத்தது. விருகம்பாக்கம் மாநாட்டு மேடையில் மு. கருணாநிதி அண்ணாவிடம் பதினொரு லட்சத்தை ஒப்படைத்தார். தேர்தலுக்குப் பணம் கேட்பதும் கொடுப்பதும் மேடையில் நடக்கத்தக்க காரியங்களாக அன்று கருதப்பட்டன. உங்கள் ஊரில் அந்தத் துணிவு மீண்டும் வரட்டும்.

கேள்வி: பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட எங்கள் ஊராட்சியில் என் அண்ணி தலைவர் பதவிக்குப் போட்டியிட இருக்கிறார். நிதி திரட்டுவதையும் செலவழிப்பதையும் அண்ணனே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். இதில் தவறு உண்டா?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அண்ணன் உதவட்டும், ஆனால் வங்கிக் கணக்கு உங்கள் அண்ணி பெயரில் இருக்க வேண்டும், கணக்கில் அவர் கையெழுத்திட வேண்டும், நிதியளிப்புக் கூட்டத்தில் அவரே எழுந்து பேசிப் பணம் கேட்க வேண்டும். கணக்கில் பிழை நேர்ந்தால் ஆணையத்தின் அறிவிப்பு அண்ணி பெயருக்குத்தான் வரும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமானது. தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காரும் வழக்கம் அதன் பிறகும் பல ஊர்களில் தொடர்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அந்த வழக்கம் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான்: தேர்தல் செலவுக்கான முதல் பணத்தை யார் கையில் வாங்குகிறார் என்பது. எனவே முதல் ரசீதிலேயே உங்கள் அண்ணியின் கையெழுத்து இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர்கள் பலர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாமா? நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

பதில்: வேலைக்காகப் போய் இந்தியக் குடிமக்களாகவே இருப்பவர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடம் கேட்காதீர்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் வெளிநாட்டவரின் பணத்தைப் பெறுவதை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தடை ஊராட்சி வேட்பாளருக்கும் உண்டு. வரிச் சலுகை கிடையாது. அது பதிவு பெற்ற அரசியல் கட்சிகளுக்கும் தேர்தல் அறக்கட்டளைகளுக்கும் ரொக்கமல்லாத வழியில் தரும் தொகைக்கு மட்டுமே உரியது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலோ கட்சி அடிப்படையில் நடப்பதில்லை.

கேள்வி: வசூலான பணத்தை எடுத்துச் செல்லும்போது பறக்கும் படை பிடித்தால் என்ன செய்வது? தேர்தல் முடிந்து பணம் மிஞ்சினால் யாருக்குச் சேரும்?

பதில்: தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் உரிய ஆவணமின்றி ரொக்கம் கொண்டு போனால் பறிமுதல் செய்வார்கள். நீங்கள் திரட்டும் தொகை அதற்கும் குறைவு என்றாலும், ரசீதுப் புத்தகமும் வேட்பாளரின் அனுமதிக் கடிதமும் பணத்தோடு இருக்கட்டும். மறுநாளே வங்கியில் செலுத்திவிடுங்கள். மீதியை என்ன செய்வது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. கொடுத்தவர்களுக்கே விகிதப்படி திருப்பித் தருவதைத்தான் நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் ஊர்ப் பொதுக் காரியம் என்று எடுத்து வைத்த பணம் அடுத்த தேர்தல்வரை சண்டைக்குக் காரணமாகிவிடுவது உண்டு. முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை உரிய அலுவலரிடம் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். தோற்றவர்களும் இதைச் செய்தாக வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுகள் போட்டியிட முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். தோல்வியின் சோர்வில் பலர் விட்டுவிடும் வேலை இது என்பதால், அதை நினைவில் வைத்து முடிக்கும் பொறுப்பை நண்பர்களில் ஒருவருக்கு இப்போதே கொடுத்துவிடுங்கள்.