காணொலி பரவிய பிறகு பேசுவதா, பொறுப்பதா?

கேள்வி: பீடோங் பக்கம் பதினான்கு பேரை வைத்து கேட்டரிங் நடத்துகிறோம். தோட்டத்துக் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு எங்கள் சாப்பாடுதான். மறுநாள் ஒன்பது பேருக்கு வாந்தி, பேதி என்று ஒருவர் முகநூலில் காணொலி போட்டுவிட்டார். 'பேசாமல் இருந்தால் அடங்கிவிடும்' என்றார் கணவர். 'வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம்' என்றான் மகன். இரண்டையும் செய்யவில்லை, தானாக ஓய்ந்தது. ஆனால் மூன்று கல்யாண முன்பதிவுகள் போய்விட்டன. இனி இப்படி நடந்தால் யார் சொல்வதைக் கேட்பது? இப்போதே எப்படித் தயாராவது?
– ஒரு வாசகி, கெடா, மலேசியா

பதில்: சகோதரி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். தோட்டப்புற ஊரில் கோயில், கிளினிக், பள்ளிக்கூட வாசல் எல்லாமே ஒரே புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்து சேர்ந்துவிடும். நீங்கள் சொல்லாமல் விட்டதை அடுத்தவர் சொல்லி நிரப்புவார். நோட்டீஸ் இன்னும் மோசம். 1957 அவதூறுச் சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் அனுப்பும் கடிதத்தையே படம் பிடித்து அடுத்த பதிவாகப் போடுவார்கள். சோறு போட்டவர் நோயாளியை மிரட்டுகிறார் என்பதுதான் ஊரில் நிற்கும். பொய் என்று கையில் ஆதாரம் வந்த பிறகும் ஒருவர் விடாமல் பரப்பினால், அப்போது வக்கீலைப் பாருங்கள்.

கடிதத்தில் போன முன்பதிவுகளை எண்ணிச் சொன்னீர்கள். அந்த ஒன்பது பேர் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் அழைப்பு வரும்போது சமாதானம் சொல்லாதீர்கள், கேளுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தொல்லை தொடங்கியது, காய்ச்சல் உண்டா, எந்த கிளினிக்குக்குப் போனார், மீதிச் சாப்பாடு வீட்டில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நேரம் மிக முக்கியம். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், வெந்தபின் நெடுநேரம் வெளியே இருந்த சோற்றையோ, வெறுங்கை பட்ட பண்டத்தையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும் என்றால், பெரிய அண்டாவில் மெல்ல ஆறிய குழம்பைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு, சில நாள் கழித்தும் வந்தால் சால்மோனெல்லா என்ற கிருமியாக இருக்கலாம். முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம்தான். ஆனால் நீங்கள் குறித்துவைத்த நேரங்கள் இல்லாமல் எதைத் தேடுவது என்று அவர்களுக்கும் தெரியாது.

நச்சுணவு, 1988 தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் மருத்துவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்று. கிளினிக்கிலிருந்து தகவல் எப்படியும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகும். அதற்கு முன் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். அதிகாரிகள் வரும்வரை அண்டாவைக் கழுவாதீர்கள், மீதியைக் கொட்டாதீர்கள். பயத்தில் அடுப்படியைத் தேய்த்துக் கழுவிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உங்கள்மேல் தப்பில்லை என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

ஆகவே தயாரிப்பு என்பது அறிக்கை எழுதிப் பழகுவதல்ல, அடுப்படியில் சாட்சி சேர்ப்பது. ஒவ்வொரு பண்டத்திலும் சுமார் 200 கிராம் எடுத்து, சுத்தமான மூடிப் பெட்டியில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, 4 டிகிரிக்குக் கீழே 72 மணி நேரம் வையுங்கள். சமைத்து முடித்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், பரிமாறத் தொடங்கிய நேரம் மூன்றையும் குறியுங்கள். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. சமைத்து 4 மணி நேரத்துக்குள் பந்தி முடிய வேண்டும். கோயில் சாப்பாட்டில் இடறுவது இங்கேதான்: பத்து மணிக்கு இறக்கிய சோறு, பூஜை நீண்டு, இரண்டரைக்குப் பந்திக்கு வரும். பெற்றுக்கொண்ட நேரத்தைக் குறித்துக் கோயில் நிர்வாகத்தில் ஒருவர் கையெழுத்துப் போடட்டும். தாமதமானால் என்ன செய்வது என்பதை முன்பதிவுத் தாளிலேயே எழுதிவிடுங்கள். ஊழியர்களின் உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ், தைஃபாய்டு தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

மாதிரி எங்கே எடுக்கப்பட்டது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2014 மே மாதம் கேட்பரி சாக்லெட் வகைகள் இரண்டில் பன்றி மரபணுத் தடயம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. நிறுவனம் உடனே அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. சில நாளில், தொழிற்சாலையிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளில் அது இல்லை என்று, ஹலால் சான்றிதழ் தரும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் சொன்னது. முதலில் நிறுத்தினார்கள், பிறகுதான் விவாதம். நீங்களும் அன்றைக்கே அந்தப் பண்டத்தை நிறுத்திவிடுங்கள்.

யாரிடம் முதலில் பேசுவது? பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம், வீட்டுக்கே போய். அடுத்து கோயில் தலைவர், அதன்பின் உங்கள் ஊழியர்கள். ஊழியர்கள் அதே தாமானில், அதாவது அதே குடியிருப்புப் பகுதியில், இருப்பவர்கள். ஒட்டுக்கடையில் அவர்களைத்தான் கேட்பார்கள். 'முதலாளியம்மா பேசுவார், இதோ எண்' என்ற ஒரே வரியை அவர்களுக்குக் கொடுங்கள். அந்த வாரம் முன்பதிவு செய்தவர்களுக்கும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். கடைசியில்தான் முகநூல், அதுவும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள். தமிழிலும் மலாயிலும் இப்படி எழுதலாம்:

'ஞாயிறு அன்னதானத்துக்குப் பின் சிலருக்கு உடல்நலம் கெட்டது அறிந்து மிகவும் வருந்துகிறோம். காரணம் இன்னும் தெரியவில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்து, உணவு மாதிரிகளைக் கொடுத்துள்ளோம். அந்தப் பண்டங்களைச் சமைப்பதை நிறுத்திவிட்டோம். பாதிக்கப்பட்டவர்கள் இந்த எண்ணில் அழைக்கவும். நாளை மாலை 5 மணிக்கு மீண்டும் தகவல் தருவோம்.'

சொன்ன ஐந்து மணிக்கு, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 'முடிவு இன்னும் வரவில்லை' என்றாவது எழுதுங்கள். 'எங்கள் உணவில் எந்தக் குறையும் இல்லை' என்று ஆய்வு வருமுன் எழுதாதீர்கள். மாறி வந்தால் பொய்யர் ஆவீர்கள். 'யாரோ வேண்டுமென்றே' என்ற பேச்சும் வேண்டாம். பின்னூட்டங்களை அழிக்காதீர்கள்.

மருந்துச் செலவைக் கொடுப்பது நல்லது. ஆனால் இப்படிப்பட்ட பாதிப்புக்கு ஈடு தரும் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருந்தால், பணம் கொடுக்குமுன் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் சம்மதமின்றித் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். வருந்துவதற்கும் ஆறுதல் சொல்வதற்கும் அது தடையல்ல.

1983 உணவுச் சட்டத்தின்கீழ் அசுத்தமான வளாகத்தை 14 நாள் வரை மூடவைக்க முடியும். அந்த நாட்களில் வரும் கல்யாணங்களுக்கு யார் சமைப்பது? சுங்கைப்பட்டாணியில் நம்பகமான ஒரு கேட்டரிங்காரரோடு இப்போதே எழுத்தில் பேசிவையுங்கள். பதினான்கு பேருக்கு இரண்டு வாரச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்குங்கள். முகநூல் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். வேலையை விட்டுப்போனவரிடம் மட்டும் இருந்தால் அன்றைக்கு உங்களால் ஒரு வரிகூடப் போட முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஞாயிறு மாலையில், உறவினர் ஒருவரை வாடிக்கையாளர்போல் அழைத்துப் புகார் சொல்லச் சொல்லுங்கள். யார் எடுத்தார், என்ன எழுதினார், மாதிரிப் பெட்டி எங்கே என்று சரிபாருங்கள்.

போன மூன்று குடும்பங்களிடம் விலைக் குறைப்போடு போகாதீர்கள். எதை மாற்றினீர்கள் என்று அந்தக் கோப்பைக் காட்டுங்கள். அதற்கு முன், இந்த வாரமே, அந்த ஒன்பது வீட்டுக்கும் கணவரையும் மகனையும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.