போட்ட முடிச்சு அப்படியே இருக்க, நடந்தது எப்படி?

கேள்வி: எனக்கு 31 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை. நான் தூக்கத்தில் எழுந்து நடப்பதாகவும், ஒரு ஆண் பெயரைச் சொல்லிப் புலம்புவதாகவும் கணவர் இரண்டு மாதமாகச் சொல்கிறார். எனக்கு எதுவும் நினைவில்லை. ஒருநாள் முந்தானையைக் கட்டில் காலில் முடிந்துகொண்டு படுத்தேன். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. அன்றும் "வாசல் வரைக்கும் போனே" என்றார். என் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். தூக்க மாத்திரை வாங்கி வந்து அவரே தினமும் தருகிறார். எனக்குப் புத்தி பிசகுகிறதா டாக்டர்?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை அம்மா. புத்தி தெளிவாக இருப்பதால்தான் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். தூக்கத்தில் நடப்பவர் முடிச்சை அவிழ்க்கலாம். திரும்பி வந்து அதே மாதிரி முடிந்துகொண்டு படுப்பது நடக்கிற காரியமா?

தூக்க நோய்களில் நாங்கள் பக்கத்தில் படுப்பவர் சொல்வதைத்தான் பெரிதும் நம்புகிறோம். அந்தச் சாட்சி பொய்யானால் நாங்கள் எழுதும் மருந்துச் சீட்டும் தப்பாகிவிடும். அதனால் ஒரு வாரம் அம்மா வீட்டில் தங்குங்கள். அம்மா அதே அறையில் படுத்துக் கவனிக்கட்டும். தூக்க நடை பெரும்பாலும் படுத்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் வரும். பெரியவர்களுக்குப் புதிதாக வருவது அரிது. வந்தால் தூக்கக் குறைவு, மது, மூச்சடைப்போடு குறட்டை, மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கும்.

அந்த மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. ஜோல்பிடம் போன்ற தூக்க மருந்துகளே சிலரை எழுப்பி நடக்கவைக்கும், மறுநாள் நினைவும் இருக்காது. அட்டையில் என்ன பெயர் என்று பாருங்கள். தினமும் சாப்பிட்டு வந்ததைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், சிலருக்கு வலிப்புகூட வரும். அட்டையோடு சீக்கிரமே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம், அந்தப் பெயர். தூக்கத்தில் உளறுவது வாக்குமூலம் இல்லை. நிஜமாகவே உளறியிருந்தாலும் அதை வைத்து உங்கள் நடத்தையை எடைபோட மருத்துவத்தில் இடமில்லை.

நடக்காததை நடந்ததாகத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒருவரைத் தன் நினைவையே சந்தேகிக்க வைப்பதை கேஸ்லைட்டிங் என்கிறோம். உங்கள் கணவர் செய்வது அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல என்னால் முடியாது. ஆனால் மனைவி ராத்திரியில் வாசலுக்குப் போகிறாள் என்று பயப்படுகிறவர் முதலில் டாக்டரிடம்தான் கூட்டி வருவார். மாமியாரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

மனதளவில் வதைப்பதும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான். பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416. வேலை இடத்தில் நம்பிக்கையான தோழியின் போனிலிருந்து கூப்பிடுங்கள்.