மகள் கம்பைலர் பக்கம் போகிறேன் என்கிறாள், விடலாமா?

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியைப் படித்தேன். மகள் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். கூடப் படிப்பவர்கள் எல்லாம் வெப் டெவலப்மென்ட், டேட்டா சயின்ஸ் என்று போகும்போது, "புது ப்ராசஸர்களுக்கு கம்பைலர் பேக்எண்ட் எழுதும் வேலைக்குப் போகப்போகிறேன்" என்கிறார். நீங்கள் விசாரித்த இடத்தில் எல்லாம் "அப்படி ஒரு வேலை இருக்கிறதா?" என்று உங்களையே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கேம்பஸுக்கு ஐ.டி. நிறுவனங்கள் வரப்போகும் நேரத்தில் வயிற்றில் புளியைக் கரைப்பது இயல்புதான்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு வேலை இருக்கிறது, நல்ல வேலை. ஆனால் இடங்கள் குறைவு. பட்டம் வாங்கிய கையோடு கிடைக்கும் இடங்கள் இன்னும் குறைவு. ஆகவே விடலாமா கூடாதா என்று இன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர் என்ன செய்து காட்டுகிறார் என்று பார்த்து முடிவெடுங்கள். இந்தத் துறையில் அதைப் பார்ப்பது மற்ற துறைகளைவிட எளிது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். சி மொழியில் எழுதிய ப்ரோக்ராமை எந்த ப்ராசஸரும் அப்படியே ஓட்டாது. அந்த ப்ராசஸருக்குத் தெரிந்த கட்டளைகளாக அதை மாற்றித் தருவது கம்பைலர். அதன் முன்பாதி, எழுதிய மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும். நடுப்பகுதி, ப்ரோக்ராம் வேகமாக ஓடும்படி தேவையில்லாததைக் கழித்துவிடும். குறிப்பிட்ட ப்ராசஸரைப் பற்றி முழுதாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது பின்பாதிதான். அதுதான் பேக்எண்ட். புதிதாக ஒரு ப்ராசஸர் வந்தால் முதல் இரண்டையும் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. பேக்எண்டை ஒழுங்காக எழுதினால் சி, சி++, ரஸ்ட் என்று எல்லா மொழிகளுக்கும் அந்த ப்ராசஸரில் வழி திறந்துவிடும். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆட்வேயும் தொடங்கிய எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு இந்த முறையில் அமைந்ததுதான். அதற்கும் முன்னால், 1987-இலிருந்து, ஜிசிசி என்ற கம்பைலர் இருக்கிறது. இரண்டின் மூல நிரலும் யாருக்கும் இலவசம். உங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்தே படிக்கலாம், மாற்றலாம்.

வேலையின் சுவை என்னவென்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் வகையில் 7000 என்ற எண்ணை ஒரு ரெஜிஸ்டரில், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே எண்ணை வைக்கும் சின்ன இடத்தில், போட வேண்டும். சி-யில் எழுதுகிறவருக்கு இது ஒரு வரி. ஆனால் அங்கே ஒரு கட்டளையின் முழு நீளமே 32 பிட். கூட்டல் கட்டளைக்குள் எண்ணை வைக்க ஒதுக்கிய இடம் 12 பிட். அதில் -2048 முதல் 2047 வரைதான் அடங்கும். ஆகவே இரண்டு கட்டளை வேண்டும். முதலாவது 4096-இன் மடங்கு ஒன்றை ஏற்றும். இரண்டாவது மிச்சத்தைக் கூட்டும். 5000 என்றால் பிரச்சினை இல்லை: 4096, அப்புறம் 904. 7000-க்கு 4096 போக மிச்சம் 2904. அது 12 பிட்டில் அடங்காது. அந்த 12 பிட்டை ப்ராசஸர் குறைஎண்ணாக, -1192 என்று படிக்கும். இதைத் தெரிந்துகொண்டு, பேக்எண்ட் முதலிலேயே ஒரு மடங்கு கூட்டி 8192-ஐ ஏற்ற வேண்டும். 8192-இல் 1192 போனால் 7000. எழுதுகிறவர் இதைக் கவனிக்காமல் விட்டால் ரெஜிஸ்டரில் 7000-க்குப் பதில் 2904 வந்து உட்காரும். 5000 சரியாகவே வரும் என்பதால் சோதனையில் தப்பித்துவிடவும் கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

இந்தக் கணக்கை மகளிடம் கொடுத்து, ஏன் 2904 வருகிறது என்று காகிதத்தில் போட்டு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்வரை விடாமல் விளக்குகிறார் என்றால் அது நல்ல அறிகுறி. "அதெல்லாம் டூல் பார்த்துக்கும்பா" என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏனென்றால் இங்கே அந்த டூலை எழுதப்போவதே அவர்தான்.

மற்ற வேலைகளும் இதே ரகம். ஒரு செயல்கூறு (ஃபங்ஷன்) இன்னொன்றை அழைக்கும்போது எந்த ரெஜிஸ்டரில் என்ன போகும், எதை யார் பத்திரப்படுத்தித் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு ப்ராசஸருக்கும் எழுதப்பட்ட விதிகள் உண்டு. பேக்எண்ட் அதில் ஒரே ஒரு ரெஜிஸ்டரைப் பத்திரப்படுத்த மறந்தால், தப்பு நடந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. எங்கோ தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் ப்ரோக்ராம் கவிழும். பிழை தன்னுடைய ப்ரோக்ராமிலா, கம்பைலரிலா, இன்னும் சோதனையில் இருக்கும் சிப்பிலேயேவா என்று பிரித்தறிய நாள்கணக்கில் ஆகலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. புத்திசாலித்தனத்தைவிடப் பொறுமைதான் இங்கே முதலில் வேண்டும் என்பது என் கருத்து.

சரி, இதற்கு ஏன் ஆள் தேவைப்படுகிறது? நீண்ட காலமாகப் புது ப்ராசஸர் வடிவமைப்பது சில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் அதை மாற்றியது. அதன் கட்டளைத் தொகுப்பை ராயல்டி கட்டாமல் யாரும் பயன்படுத்தலாம். அதோடு, தங்களுக்கு வேண்டிய புதுக் கட்டளைகளைச் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் புதுக் கட்டளையைச் சேர்க்கிறது என்றால், அதை எப்போது பயன்படுத்துவது என்று கம்பைலருக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். இல்லையென்றால் சிலிக்கானில் செலவழித்த இடம் வீண். ஏ.ஐ. கணக்குகளுக்கென்றே தனிச் சிப்புகள் வருவதும் இதே தேவையைத்தான் பெருக்குகிறது. நம் நாட்டில் ஐஐடி மெட்ராஸின் சக்தி, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் வேகா இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்கள்தான். மத்திய அரசு 2022-இல் இதற்கென்றே டிஐஆர்-வி என்ற திட்டத்தைத் தொடங்கியது.

இதைவிடத் தெளிவான உதாரணம் இஸ்ரோவில் இருக்கிறது. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய இரண்டு 32-பிட் ப்ராசஸர்கள் 2025 மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டன: விக்ரம் 3201, கல்பனா 3201. விக்ரமின் கட்டளைத் தொகுப்பு அவர்களுடைய சொந்த வடிவமைப்பு. அதனால் அடா என்ற ப்ரோக்ராம் மொழிக்கான கம்பைலர், அதோடு சேர்ந்து வேலை செய்யும் அசெம்ப்ளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாவற்றையும் இஸ்ரோவே எழுத வேண்டியிருந்தது. ஒப்படைத்த நேரத்தில் சி கம்பைலர் வேலை நடந்துகொண்டிருந்தது. கல்பனாவோ ஏற்கெனவே தரப்படுத்தப்பட்ட ஸ்பார்க் வகை. திறந்த மூலக் கருவிகளோடு ஒத்துப்போகும்படி வடிவமைத்தார்கள். ராக்கெட்டுக்கு வழிகாட்டும் சிப்பாக இருந்தாலும் கம்பைலர் இல்லாமல் அடாவிலோ சி-யிலோ எழுதிய ஒரு வரியைக்கூட அதில் ஓட்ட முடியாது. அப்படி ஒரு வேலையா என்று கேட்ட உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது ஆறு மாதச் சோதனைக்கு வருகிறேன். கல்லூரியில் வாங்கிய கம்பைலர் டிசைன் மதிப்பெண்ணை வைத்து எடைபோட வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ஐந்தாம் செமஸ்டரில் அந்தப் பாடம் வருகிறது. பரீட்சைக்குப் படிப்பதில் பெரும்பகுதி முன்பாதி: பார்சிங், இலக்கண விதிகள். பேக்எண்ட் கடைசியில் அவசரமாக ஓடிவிடும். அதில் தொண்ணூறு வாங்கியவரும் இதில் தடுமாறலாம். அறுபது வாங்கியவரும் ஜெயிக்கலாம்.

முதல் ஒன்றிரண்டு மாதம் அவர் சின்னச் சின்ன சி செயல்கூறுகளை எழுதி, அவை என்ன அசெம்பிளியாக (ப்ராசஸர் கட்டளைகளின் எழுத்து வடிவமாக) மாறுகின்றன என்று வரிவரியாகப் படிக்கட்டும். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச இணையதளமே இதற்குப் போதும். கூடவே ரிஸ்க்-ஃபைவ் கையேட்டில் அடிப்படைக் கட்டளைகள் உள்ள பகுதியைப் படிக்க வேண்டும். அவை மொத்தமே நாற்பது சொச்சம்தான். அப்புறம் எல்எல்விஎம்மை இறக்கித் தன் கணினியில் பில்ட் செய்ய வேண்டும். இங்கே உங்கள் பங்கு ஒன்று உண்டு: 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் இது கடைசிக் கட்டத்தில் திணறும். சான்றிதழ் கோர்ஸ் எதற்காவது பணம் கட்ட நினைத்திருந்தால், அதற்குப் பதில் ரேமை 16 ஜிபியாக ஏற்றிக் கொடுங்கள். இந்தத் துறையில் கோர்ஸ் சான்றிதழைக் காட்டி வேலை வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

பிறகுதான் உண்மையான சோதனை. ரிஸ்க்-ஃபைவ் பேக்எண்டில் தானே கற்பனை செய்த ஒரு புதுக் கட்டளையைச் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டு எண்ணைப் பெருக்கி மூன்றாவதோடு கூட்டும் கட்டளை. கட்டளையின் பிட் அமைப்பை, எல்எல்விஎம்மில் கட்டளைகளை விவரிக்கும் டேபிள்ஜென் கோப்பில் எழுதி, பெருக்கலும் கூட்டலும் சேர்ந்து வரும் இடத்தைக் கம்பைலர் தானாகவே கண்டுபிடித்து அந்தக் கட்டளையைப் போடும்படி செய்து, அதற்கான டெஸ்டுகளை எழுதி, ரிஸ்க்-ஃபைவ் சிப் போலவே கணினியில் ஓடும் ஸ்பைக் சிமுலேட்டரிலும் அதைச் சேர்த்து ஓட்டிக் காட்ட வேண்டும். இதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருவர் தனியாகச் செய்துவிட்டால், நேர்முகத் தேர்வில் ஒரு மணி நேரம் பேச அவரிடம் விஷயம் இருக்கும்.

கூடவே எல்எல்விஎம் திட்டத்துக்கே ஒரு சின்னத் திருத்தம் அனுப்பட்டும். புதியவர்களுக்கு ஏற்ற வேலைகளை கிட்ஹப்பில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அனுப்பியதைப் பெரிய நிறுவனங்களில் இதே வேலை செய்கிறவர்கள் படித்து, குறை சொல்லி, மாற்றச் சொல்வார்கள். சில நேரம் வாரக்கணக்கில் பதில் வராது, மனம் விடக்கூடாது. இவ்வளவும் பொதுவெளியில் நடக்கிறது. அதனால்தான் பார்ப்பது எளிது என்றேன். மகளுக்குத் திறமை இருக்கிறதா என்று என்னையோ பேராசிரியரையோ நீங்கள் நம்பத் தேவையில்லை. திருத்தம் ஏற்கப்பட்டதா, என்ன சொன்னார்கள் என்று யாரும் போய்ப் பார்க்கலாம். வேலைக்கு எடுப்பவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஏ.ஐ. வந்தால் இந்த வேலை போய்விடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப எழுதும் பகுதிகளை ஏ.ஐ. இப்போதே எழுதித் தருகிறது. அது இன்னும் கூடும். ஆனால் அந்த 2904 கணக்கை நினைத்துப் பாருங்கள். பார்க்கச் சரியாக இருந்து, பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் தப்பான விடை தரும் நிரலைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். இன்னும் வெளியே வராத சிப்புக்கு இணையத்தில் படிக்க உதாரணமும் கிடையாது. முழுப் பாதுகாப்பு என்று எந்தத் துறைக்கும் நான் சொல்ல மாட்டேன். இதற்கு மற்றவற்றைவிட ஆயுள் கூடுதல் என்று நினைக்கிறேன்.

கேம்பஸில் வேலை கிடைத்தால் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்காக அதை உதறத் தேவையில்லை. இந்த வேலைகள் பெரும்பாலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. சென்னையில் உண்டு, குறைவு. குவால்காம், ஏஎம்டி, இன்டெல், என்விடியா போன்றவற்றின் இந்திய மையங்களிலும் சிறிய சிப் நிறுவனங்களிலும் தேடலாம். புதியவர்கள் பலர் இன்டர்ன்ஷிப் வழியாகவோ, கம்பைலரைச் சோதிக்கும் குழு வழியாகவோதான் உள்ளே போகிறார்கள். சோதனைக் குழு என்றால் கீழான வேலை என்று நினைத்துத் தட்டிவிட வேண்டாம். பிழைகளை நேரில் பார்த்துக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. தேடும்போது "பேக்எண்ட் டெவலப்பர்" என்று போட்டால் வருவதெல்லாம் சர்வர் வேலை. "கம்பைலர் இன்ஜினியர்", "டூல்செயின்" என்று தேடச் சொல்லுங்கள்.

முதல் முயற்சியில் வேலை கிடைக்காவிட்டால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் போவது உறுதியான இரண்டாவது வழி. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி, ஐஐடி மெட்ராஸ், ஐஐடி ஹைதராபாத் மூன்றிலும் கம்பைலர் ஆராய்ச்சி நடக்கிறது. கேட் மூலம் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இருப்பதால் உங்கள் மேல் பெரிய சுமை விழாது. அங்கே சேரும்போது, கல்லூரிப் பெயரைவிட எந்தப் பேராசிரியரிடம் சேர்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்பை மூன்றாம் ஆண்டு முடிவிலேயே பல கல்லூரிகளில் கேட்டுவிடுவார்கள். யாராவது தயாராக வைத்திருக்கும் தலைப்பில் மகளையும் சேர்த்துவிடுவதற்குள், மேலே சொன்ன புதுக் கட்டளை வேலையை ஒரு பக்கத்தில் எழுதி, எதை எந்த மாதம் முடிப்பேன் என்ற அட்டவணையோடு துறைத் தலைவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். குழுவாகத்தான் செய்ய வேண்டும் என்றால், சிமுலேட்டர் பக்கம் ஒருவர், டெஸ்டுகள் பக்கம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பேக்எண்ட் மட்டும் அவர் கையில் இருக்கட்டும்.