20 வருஷக் கட்டி, 74 வயது: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. 20 வருஷமாகக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஊசி போட்டு எடுத்த டெஸ்டில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. இப்போது மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது, சாதம் தொண்டையில் நிற்கிறது என்கிறார். டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வயதில் கத்தி வைக்கலாமா?
- வாசகி, தேனி

பதில்: தொந்தரவு தராத கட்டியாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம் என்றிருப்பேன். ஊசி டெஸ்ட் சொல்வது புற்றுநோயா இல்லையா என்பதை மட்டும்தான். கட்டி மூச்சுக்குழலை அழுத்துகிறதா என்று அது சொல்லாது.

ஆனால் ஒன்று. ஸ்டென்ட் வைத்தவருக்குப் படுத்தால் மூச்சு வாங்குவது இதயத்தாலும் வரலாம். காலில் வீக்கம் இருக்கிறதா பாருங்கள். முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். இதயம்தான் காரணம் என்றால் கட்டியை எடுத்தும் மூச்சு சரியாகாது.

அடுத்து, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சேர்த்து சி.டி. ஸ்கேன். கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கிறதா, மூச்சுக்குழல் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது அதில் தெரியும். அயோடின் கலந்த சாய ஊசி இல்லாமல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய தைராய்டு கட்டியை அது தூண்டிவிட்டு ஹார்மோனை அதிகமாக்கலாம். ரத்த டெஸ்டில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகவும் குறைந்து, தைராய்டு ஹார்மோன் கூடியிருந்தால், மாத்திரையால் அதை அடக்கிய பிறகே ஆபரேஷன் மேஜை ஏற வேண்டும். இ.என்.டி. டாக்டர் குரல்நாண் அசைவையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

க்ளோபிடோக்ரலைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்துவார்கள். இதய டாக்டர் தேதி குறித்துக் கொடுக்கட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அழுத்தம் உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வரத் தொடங்கிய பிறகு அவசரமாகச் செய்வதுதான் இந்த வயதில் ஆபத்து. நெஞ்சுக்குள் இறங்கிய கட்டியும் பெரும்பாலும் கழுத்து வழியாகவே வந்துவிடும். அழுத்துவது ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தப் பாதியை மட்டும் எடுத்தால் போதுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். மறுபக்கக் குரல் நரம்புக்கும், கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் அது பாதுகாப்பு.

ஆபரேஷன் முடிந்த முதல் 24 மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கழுத்து உப்பி, மூச்சு முட்டினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். நர்ஸை உடனே கூப்பிடுங்கள். முழுச் சுரப்பியையும் எடுத்திருந்தால், இரண்டு மூன்று நாளில் வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரலாம். அது கால்சியம் குறைவு. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸினை விடியற்காலை வெறும் வயிற்றில் கொடுத்து, கால்சியம் மாத்திரையை அதற்கு 4 மணி நேரம் கழித்துக் கொடுங்கள். சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது.